வியாழக்கிழமை மாத்திரை

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றுக்கு அறிவியல் சோதனைகள் செய்துகாட்டப் போயிருந்தேன். காந்தம், லென்ஸ், கம்பிச்சுருள் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு தந்தை வந்து நின்றார். மரவள்ளிக் காட்டிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கால் முழுக்கச் செம்மண். கையில் கசங்கிய காகிதம். அதற்குள் நீல நிறத்தில் ஒரு மாத்திரை.

“சார், இதைத் தின்னதுலேருந்து புள்ளைக்கு வெளிக்குப் போனா கருப்பாப் போவுது. வயித்த வலிக்குதுன்னு வேற அழுவுது. என்னா சார் குடுக்குறீங்க?”

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு, தந்தை சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் நாங்களும் இப்படித்தான்: முதலில் அளவீட்டைக் குறிப்போம், விளக்கம் பிறகு.

அந்த நீல மாத்திரை உங்களுக்கும் பழக்கமானதுதான். வாரம் ஒரு நாள், நம் மாநிலத்தில் வியாழக்கிழமை, பள்ளியில் தருகிறார்கள் அல்லவா? 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கான இந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ஆணி இரும்பு அல்ல, இரும்பின் உப்பு. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டாது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் உருவாக இரும்பு வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. மாத்திரை வீண் வேலை இல்லை.

இப்போது புகாருக்கு வருவோம். விழுங்கிய இரும்பில் ஒரு சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சுகிறது. மிச்சம் மலத்தோடு வெளியேறுகிறது, கருமை அதனால்தான். கெடுதல் இல்லை. (மாத்திரை எதுவும் சாப்பிடாதபோது மலம் கருத்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். அது வேறு விஷயம்.) தலைமையாசிரியர் இதைச் சொன்னதும் தந்தையின் முகம் தெளிந்தது.

வயிற்றுவலி? இங்கேதான் விசாரணை தேவைப்பட்டது. வகுப்பாசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த வியாழக்கிழமை சாப்பாடு தாமதமாம். மணி ஆகிவிட்டதே என்று மாத்திரையை முன்னாடியே கொடுத்துவிட்டாராம். வெறும் வயிற்றில் இரும்பு உப்பு குமட்டும், வலிக்கும். ஆகவே தந்தையின் புகாரில் பாதி அச்சம், பாதி உண்மை. மொத்தமாக “ஒன்றும் ஆகாது, போங்க” என்று அனுப்பியிருந்தால் அந்த உண்மைப் பாதியும் போயிருக்கும்.

மூன்றாவது ஒன்று உண்டு. அது தந்தைக்கே தோன்றாத புகார். அந்த மாத்திரை வீட்டுக்கு எப்படிப் போயிற்று? ஆசிரியர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பதல்லவா விதி?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோ எடையுள்ள மாணவிக்கு ஒரு மாத்திரை என்றால், கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம் இரும்பு. வீட்டில் 10 கிலோ எடையில் ஒரு தம்பி இருக்கிறான். அதே மாத்திரை அவனுக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம். 20 மில்லிகிராமைத் தாண்டினால் நஞ்சின் குறிகள் தோன்றலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். நான்கு மாத்திரையிலேயே அவன் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவான். மேலே சர்க்கரைப் பூச்சு வேறு. மிட்டாய் என்றே நினைப்பான். நம் உடலில் இரும்புக்கு வரவுக் குழாய் உண்டு, வடிகால் கிடையாது. மிகுதியானது கல்லீரலைத் தாக்கும்.

2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் ஒரு பள்ளியில் மாணவிகள் சிலர் இந்த மாத்திரைகளைப் போட்டி போட்டுத் தின்றார்கள். ஒரு மாணவி இறந்துபோனாள். மாத்திரைப் பெட்டி யார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்ற கேள்வியைப் பள்ளிகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரும்பு நஞ்சில் ஒரு வஞ்சகம் உண்டு. முதல் சில மணி நேரம் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு எல்லாம் அடங்கிப் பிள்ளை தேறிவிட்டது போலத் தோன்றலாம். அந்த அமைதியை நம்பக்கூடாது. ஓரிரு நாளில் கல்லீரல் செயலிழக்கக்கூடும். நேரத்தோடு மருத்துவமனைக்குப் போனால் இரும்பைப் பற்றி வெளியேற்றும் மருந்து உண்டு. மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியே இறங்கவேண்டிய பிள்ளைகளுக்கு, “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்பது பெரிய இழப்பு.

அன்றைக்கே நோட்டில் புகாருக்குக் கீழே நாலு வரி எழுதினார்கள். சாப்பாடு முடிந்த பிறகே மாத்திரை. முதலில் ஆசிரியர் விழுங்குவார், பிறகு பிள்ளைகள், அவர் கண்ணெதிரே. காய்ச்சலில் படுத்திருப்பவர்களுக்கு அன்று இல்லை. பெட்டிக்குப் பூட்டு, சாவி ஒருவரிடம். வலிப்பு, இளைப்பு என்று தனியாக மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு மருத்துவர் சீட்டோடு தனி டப்பா, அதில் பெயர். அதைத் தோழிக்கு ஒன்று கொடுப்பதெல்லாம் கூடாது. இந்த வரியைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டதைக் கவனித்தேன்.

தலைமையாசிரியர் எழுதியதைப் படித்துக் காட்டினார். தந்தை கையெழுத்துப் போட்டார். எழுந்தவர், “சின்னதுக்கு மூணு வயசு சார். இதக் கூரைல சொருகி வெச்சிருந்தேன்” என்றார்.

“இன்னும் இருக்குதாண்ணே?”

“ரெண்டு இருக்குது.”

“நாளைக்கே கொண்டாந்து குடுத்துடுங்க” என்று சொல்லி, கையிலிருந்த ஒன்றை வாங்கிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார் தலைமையாசிரியர்.