புற்றுக்காளான்

புற்றுக்காளான் என்பது கறையான் புற்றை ஒட்டி முளைக்கும் உணவுக்காளான். டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. கறையான்கள் தம் உணவுக்காகப் புற்றுக்குள் வளர்க்கும் பூசணமே மழைக்காலத்தில் குடையாக வெளியே வருகிறது. கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் முந்திரித் தோப்புகளில் தேடுவோர், தண்டை ஒடிக்காமல் தோண்டிப் பார்க்க வேண்டும். அதன் அடி வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்கியிருக்கும்.

குடையை வெள்ளைத் தாளில் ஓரிரவு கவிழ்த்து வைத்தால் வித்துத்தூள் உதிரும். புற்றுக்காளானில் அது வெளிர் இளஞ்சிவப்பு. பச்சையாக இருந்தால், புல்தரையில் முளைக்கும் குளோரோஃபில்லம் என்னும் நச்சுக்காளான். இளஞ்சிவப்புத் தூள் உள்ள நச்சுக்காளான்களும் உண்டு. ஆகவே இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிச் சமைக்கக் கூடாது. வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு என்பது வெறும் நம்பிக்கை.

சத்துள்ள உணவு என்பது சரி. நோய்க்கு மருந்தாகப் பச்சையாகத் தின்பது ஏற்கத்தக்கதன்று. அமனிட்டா இனத்தின் கொடிய வகைகளில் உள்ள நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. வாந்தி 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். இடையில் நின்றதுபோலத் தோன்றினாலும் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சிதம்பரம் சுற்றுவட்டாரத்தினர் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, மிச்சமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே செல்லலாம், வண்டிக்கு 108.