காத்திருந்த குரல்



அமெரிக்க நாட்டுப்புற மக்களின் பாட்டிலிருந்து வளர்ந்தது 'கன்ட்ரி' என்னும் இசைவகை. அதில் பெரும்புகழ் பெற்ற காதற்பாட்டு 'கிரேசி'. காதலர் தம்மை விட்டு நீங்குவார் என்றறிந்தும் அன்பை விலக்க இயலாத நெஞ்சின் பேதைமையே அதன் பொருள்.

இயற்றியவர் வில்லி நெல்சன். பாடிப் புகழ் சேர்த்தவர் பாட்சி கிளைன். நெல்சன் சொற்களைத் தாளத்திற்குச் சற்றே பிந்தவிட்டுப் பாடுவார். அம்முறை கிளைனுக்கு இசையவில்லை. போதாக்குறைக்கு, 1961 ஜூன் மாதக் கார் விபத்தில் விலா எலும்புகளில் அடிபட்டிருந்தமையால், மேல் சுரங்களுக்கு மூச்சு எட்டவில்லை.

ஆகஸ்டில் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி என்ன செய்தார்? பக்க இசையை மட்டும் ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். குரலைப் பின்னர் அதனோடு சேர்க்கலாம் அன்றோ? சில வாரங்கள் கழித்து உடல் தேறித் திரும்பிய கிளைன், நெல்சனைப் பின்பற்றாமல் தம் இயல்பிலேயே பாடி முடித்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த இசைத்தட்டு, கன்ட்ரி இசைப் பட்டியலில் 2ஆம் இடத்தையும், பொதுப் பட்டியலில் 9ஆம் இடத்தையும் எய்தியது. 1963 மார்ச்சில் விமான விபத்தொன்றில் கிளைன் மறைந்தார், வயது 30. பாட்டோ மறையவில்லை. 2003இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் அதனைத் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் சேர்த்தது.

பல்லாண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு இதில் புலனாவது ஒன்று. அன்று பிராட்லி வற்புறுத்தியிருப்பின், நலிந்த குரலே தட்டில் தங்கியிருக்கும். பிறரைப் போலப் பாட இயலாமை குறையன்று. தம் குரல் தேறும்வரை காத்திருப்பதும், காத்திருக்க இடந்தருவதும் கலைக்கு இன்றியமையாதவை.