மூப்பும் ஆடுகளமும்

தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பழம்புலவர், கோலூன்றித் தளர்ந்த காலத்து, தாம் இளமையில் மருதக்கிளையேறி ஆழ்மடுவிற் குதித்து விளையாடியதை எண்ணி இரங்கிய செய்தியைப் புறநானூறு பயின்றார் யாவரும் அறிவர். இக்காலத்து முதியோரோ இரங்குதலோடு அமையாது, மீண்டும் குதிக்கவே புகுகின்றனர். அது நன்றே. ஆயின் மடுவின் ஆழத்தை நினைவில் வைத்திருக்கும் மனம், முழங்காலின் தளர்ச்சியை மட்டும் மறந்துவிடுகின்றது. இடர் பிறப்பது அம்மறதியில்தான்.

அரியலூர்ப் பக்கத்திலுள்ள எம் பெரிய தந்தையார் ஆசிரியப்பணி புரிந்து ஓய்வு பெற்றவர். தஞ்சையிற் பிறந்த பூப்பந்தாட்டத்தில் இளமையிலேயே வல்லவர். முப்பதாண்டுகள் மட்டையைத் தொடாதிருந்தவர், அறுபத்திரண்டாம் வயதில் ஒருநாள் மாலை நேரே களத்தில் இறங்கினார். மூன்றாம் பந்திற்குப் பின்னோக்கிப் பாய்ந்தபோது, யாரோ குதிகாலிற் கல்லெறிந்தாற்போல் உணர்ந்து திரும்பிப் பார்த்தாராம், பின்னால் எவருமில்லை. கெண்டைக்காலையும் குதிகாலையும் பிணைக்கும் நாண் அறுந்துபோயிருந்தது.

இதன் காரணம் யாது? வயது ஏற ஏற நாண்கள் நெகிழ்ச்சி குன்றி விறைக்கின்றன, தசை மெலிகின்றது, நிலைதடுமாறுங்கால் உடலைத் தாங்கிப்பிடிக்கும் விரைவும் குறைகின்றது. ஆதலின் ஆட்டத்திற்கு முன் பத்து நிமிடமேனும் மெல்ல நடந்தும், மூட்டுக்களை அசைத்தும் உடலைச் சூடேற்றல் வேண்டும். முடிவிலும் சட்டென நின்றுவிடலாகாது. நின்றால் குருதி கால்களிலே தேங்கித் தலை சுற்றும். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பார்க்கு இத்தலைச்சுற்றல் எளிதில் நேரும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், அறுபத்தைந்து வயது கடந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பும், மூன்று நாட்களேனும் உடலின் நிலைபேற்றைக் காக்கும் பயிற்சியும் செய்க என்றுரைத்தது. மிதமென்பதை அறிய எளிய வழியுண்டு: ஆடுங்கால் பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்க வேண்டும். நிலைபேற்றுப் பயிற்சிக்கோ ஒரு சுவரே போதும். அதன் அருகே ஒற்றைக்காலில் நின்று பழகலாம்.

பெரம்பலூர்ச் சீமையின் கோடை வெயிலை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதுமையில் தாகம் தோன்றுவது தாமதிக்கும் என்பதையே பலர் அறியார். விடாய் எடுக்குமுன்னரே நீர் அருந்துதல் நலம். நீரிழிவுடையார் வெறுங்காலோடு ஆடலாகாது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. சட்டைப்பையிற் சிறிது சர்க்கரையும் வைத்துக்கொள்க. மார்பு இறுகினும், இடத்தோளிலோ தாடையிலோ வலி பரவினும், காரணமின்றி வியர்த்துக் கொட்டினும், 'இந்த ஆட்டம் முடியட்டும்' என்னாது அக்கணமே அமர்ந்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நம் முதியோர்க்கு இதுவே அரிதாயிருக்கின்றது. வலியைச் சொல்லுதல் தோல்வியென நாணுகின்றனர்.

நண்பர்காள், களத்திற்கு வெளியேயும் ஓர் இடர் உண்டு. பாஞ்சாலத்து பவுஜா சிங் என்பாரைக் கேட்டிருப்பீர்கள். 1911-ஆம் ஆண்டு பிறந்தவரென அவரது கடவுச்சீட்டு கூறிற்று. எண்பத்தொன்பதாம் வயதிலே இலண்டன் மாநகரில் முதன்முதல் நெடுந்தொலை ஓட்டம் ஓடினார். 2011-இல் டொரான்டோ நகரில் 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை எட்டுமணி நேரத்திற்குச் சற்று மிகையாக ஓடிக் கடந்தார். அத்துணை ஓட்டமும் அவருயிரைப் பறிக்கவில்லை. 2025 ஜூலைத் திங்களில், ஜலந்தருக்கு அருகே தம் ஊர்ச் சாலையில் ஊர்தி மோதி இறந்தார்.

நம் ஊர்களிலோ சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஒருபுறம். அரியலூரின் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் மற்றொருபுறம். விடியுமுன் சாலையோரம் நடப்போர் இருண்ட நிறத்துப் போர்வையைத் தவிர்த்து வெள்ளாடை அணிக. வலப்புறமாக, எதிர்வரும் வண்டிகளை நோக்கியே நடக்க வேண்டும். குளக்கரையோ பள்ளி மைதானமோ கிட்டுமாயின், சாலையே வேண்டா.

பெரிய தந்தையார் பல திங்கள் கழித்து, மருத்துவர் இசைவு பெற்றே மட்டையை எடுத்தார். ஐவர் கொண்ட அணியிலே, ஓடியாடும் நடுவிடத்தை இளைஞர்க்கு விட்டு, முன்வரிசையில் நிற்கின்றார். மற்றையோர் பந்தைத் தட்டத் தொடங்கியபின்னும், அவர் களத்தைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். எவரேனும் விரைவுபடுத்தினால் குதிகாலிலுள்ள தழும்பைக் காட்டுவார்.