காட்டுக்கும் சைக்கிளுக்கும் ஸ்பீக்கர்... வாங்கும் முன் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள்!

வேடசந்தூர் பக்கம் முருங்கைக்காய் பறிப்பு, மக்காச்சோளக் காவல், மோட்டார் ரூம் என எங்கே போனாலும் கையடக்க புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று பாடிக்கொண்டிருக்கிறது. பாட்டோடு கொடைக்கானல் பண்பலை 100.5, செல்போனில் வரும் வானிலைச் செய்தி எல்லாம் அதில்தான் கேட்கிறார்கள். ஆனால், 'வாட்டர் புரூஃப்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிய பெட்டி, சில மாதங்களிலேயே கரகரக்கத் தொடங்கிவிடுகிறது.

பார்க்க வேண்டியது 'ஐ.பி' எண். 'ஐ.பி. 67' என்றால், 6 என்பது தூசுக்கான மதிப்பெண். அதில் அதுவே உச்சம். தூசு உள்ளே புகாது. 7 என்பது தண்ணீருக்கானது. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். மழைத் தூறலுக்கு அது போதும். சில பெட்டிகளில் 'ஐ.பி. எக்ஸ் 7' என்று இருக்கும். அந்த 'எக்ஸ்', தூசுக்கு மதிப்பெண் தரப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. இங்கே வடகிழக்குப் பருவமழை சில வாரங்கள்தான். மீதி நாளெல்லாம் செம்மண் புழுதி. அதனால், வேடசந்தூர் விவசாயி முதல் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை வெறும் தண்ணீரில் செய்யப்படுவது. பூச்சிக்கொல்லிக் கரைசலுக்கோ, கரைத்த உரத்துக்கோ அது உத்தரவாதம் அல்ல. மருந்து அடிக்கும்போது ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கவே கூடாது. மருந்து பட்ட கையால் தொட்ட பெட்டியைத்தான் மாலையில் வீட்டில் குழந்தை எடுத்து விளையாடுகிறது! சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி கிழிந்துவிட்டால், எண் என்னவாக இருந்தாலும் பயனில்லை. துளை ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடவும் கூடாது.

கடைக்குள் அதிரும் ஸ்பீக்கர், காட்டில் முனகும். நான்கு சுவர் எதிரொலி வெளியில் கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். எனவே, கடை வாசலுக்கு எடுத்து வந்து, பத்தடி தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள்.

சைக்கிளில் வைப்பவர்கள், கைப்பிடியில் தங்கள் முகம் நோக்கி வைத்து, பழைய டியூப் ரப்பரால் இறுகக் கட்டிக்கொள்ளலாம். கரூர்–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் போகிறவர்கள், பின்னால் வரும் லாரியின் இரைச்சல் காதில் விழும் அளவுக்கு மட்டும் ஒலி வைக்க வேண்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் நிறுத்திவிடுவதே உத்தமம். இயர்போன் இதைவிட மோசம்.

பேட்டரி லித்தியம் வகை. தகரக் கூரை மேலும், வெயிலில் நிற்கும் டிராக்டர் சீட்டிலும் வைத்தால் சீக்கிரம் கெடும். உப்பிவிட்டால் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். பெட்டியில் பி.ஐ.எஸ் முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

மயில் விரட்டவும் சிலர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஒரே சத்தம், ஒரே இடம் என்றால் பறவைகள் சீக்கிரமே பழகிவிடும். சத்தத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மயில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால், விரட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு மெமரி கார்டு போடும் வசதியுள்ள ஸ்பீக்கராக வாங்குங்கள். புளூடூத் பெரும்பாலும் 10 மீட்டர் சுற்றளவுக்குத்தான் எட்டும். கார்டு இருந்தால் செல்போனைக் காட்டில் விட்டுவர வேண்டியதில்லை.