மேற்செலவு யார் தலையில்?

சாத்தம் தீவில் 1883-ல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலையை அறியாத அந்தமான் தமிழர் இருக்க மாட்டார். மரத்தொழிலில் கூலி வாங்குவோர் அவசியம் அறிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

டெய்ரி ஃபார்மில் ஒரு மரப்பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருபுறம் இயந்திர அறுவை. மறுபுறம் இரு தச்சர்கள் கதவு, ஜன்னல் செய்கிறார்கள். மாதக் கூலி அறுவைக்கு ரூ. 20,000, தச்சுக்கு ரூ. 40,000. மின்சாரம், ரம்பம் தீட்டுதல், இயந்திரப் பழுது, தேய்மானம் ஆகிய மேற்செலவு ரூ. 60,000. இதை எப்படிப் பங்கிடுவது?

கூலி விகிதப்படி பிரித்தால் தச்சின் தலையில் ரூ. 40,000 விழும். மரவிலை போக அப்பிரிவின் வரவு ரூ. 65,000. கூலியையும் இதையும் கழித்தால் ரூ. 15,000 நஷ்டம்! 'தச்சரைக் குறை' என்பார் முதலாளி.

ஆனால் இயந்திரங்கள் ஓடிய 300 மணியில் தச்சுக்காக ஓடியது 50 மணிதான். அதன்படி தச்சின் பங்கு ரூ. 10,000, நஷ்டம் போய் ரூ. 15,000 லாபம்! பட்டறையின் மொத்த லாபத்தில் ஒரு பைசா மாறவில்லை. பழி மட்டுமே இடம் மாறியது.

செலவு எதனால் உண்டாகிறதோ அதுவே பங்கீட்டுக்கு அளவுகோல். இயந்திரச் செலவுக்கு மணி, வாடகைக்கு இடப்பரப்பு. சரக்கின் அடக்கவிலையில் நிலையான உற்பத்திச் செலவை வழக்கமான உற்பத்தித் திறன்படியே ஏற்ற வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 2. வேலை குறைந்த மாதத்தில் சரக்கின் விலையை அது ஊதிப் பெருக்கக் கூடாது.

ஆகவே, 'உங்கள் பிரிவு நஷ்டம்' என்று யாராவது சொன்னால், மேற்செலவை எந்த அடிப்படையில் பிரித்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.