ஒரு தவக்காலத்துக்கு ஒரு நூல்



எருசலேமில் இறைவனை வழிபட்டுவிட்டுத் தம் நாடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவரைத் திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரம் நமக்கு அறிமுகஞ் செய்கின்றது. எத்தியோப்பிய அரசியின் கருவூலத்துக்குப் பொறுப்பாயிருந்த உயர் அலுவலர் அவர். காசாவுக்குச் செல்லும் பாலைநிலப் பாதையில், தேரில் அமர்ந்தபடி எசாயா இறைவாக்கினரின் ஏட்டை வாய்விட்டு வாசித்துக்கொண்டு சென்றார். தூய ஆவியாரால் ஏவப்பட்ட பிலிப்பு தேரை நெருங்கி, வாசிப்பது விளங்குகின்றதா என்று வினவினார். விளக்குவார் இல்லையே என அவர் தாழ்மையுடன் ஒப்புக்கொண்டார். அவ்வழியிலேயே நற்செய்தியைக் கேட்டுத் திருமுழுக்கும் பெற்றார்.

பெரும் பதவியில் இருந்த அம்மனிதர், தமக்கு விளங்காத பகுதியைத் தாண்டிச் செல்லாமல் அதிலேயே தங்கி நின்றார். இறைவனின் தூதுவர் அவரைச் சந்தித்ததும் அந்த இடத்தில்தான். இன்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் பயணஞ் செய்யும் நம் கையிலும் வாசிப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கின்றது. வவுனியா வருவதற்குள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் எத்தனையோ செய்திகள் நம் விரல்நுனியில் கடந்து போகின்றன. அவற்றுள் எதில் நாம் தங்கி நின்றோம்? பிலிப்பு நம் அருகில் அமர்ந்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன விடை கூறுவோம்?

நூலகப் பணியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. நூலகவியல் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்பவை, இந்திய அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகள். வாசகரின் நேரத்தைப் பேணவேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. நூலுக்குப் பகுப்பெண் இடுவதும், பட்டியல் தயாரிப்பதும், இறாக்கைகளில் ஒழுங்காக அடுக்குவதும் இதற்காகவே. வாசகர் தேடி வந்ததை விரைவில் பெற்று, மனநிறைவோடு வீடு திரும்ப வேண்டும்.

சமூக வலைத்தளங்களின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. நாம் அங்கு எவ்வளவு நேரம் தங்குகின்றோமோ அவ்வளவுக்கு விளம்பரங்களைக் காட்டலாம். அதுவே அவற்றின் வருமானம். ஆதலால் நூலுக்கு இருப்பதுபோன்ற கடைசிப் பக்கம் அங்கு கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். கடல்கடந்து வாழும் பிள்ளைகளின் முகத்தைக் காட்டவும், மரண அறிவித்தலை உடனே சேர்ப்பிக்கவும் இவை உதவுகின்றன என்பது உண்மையே. ஆயினும், நின்று நிதானித்து வாசிக்கும் பழக்கத்தை இவை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகின்றன. நூலின் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துக்கொண்டு, ஒரு வரியேனும் வாசிக்காமல் எழுந்து செல்லும் மாணவரைக் காணாத நூலகர் இன்று அரிது.

இது படிப்பைப் பற்றிய கவலை மட்டுமன்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நம் ஆலயங்களில் சிந்தப்பட்ட குருதியை நாம் மறந்திலோம். அதற்கு மூன்று வாரங்களின் பின், மே 12ஆம் திகதி, சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய சில சொற்கள், கிறிஸ்தவர்களுக்கு விடுக்கப்பட்ட மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டன. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் பல இடங்களுக்கும் மினுவாங்கொடைக்கும் பரவியது. முஸ்லிம் சகோதரர் ஒருவர் கொல்லப்பட்டார். எழுதியவர் கருதியது என்ன என்று ஒரு கணம் நின்று வினவியிருந்தால் எத்தனை குடும்பங்களின் கண்ணீரைத் தவிர்த்திருக்கலாம்!

பொய்ச்சான்றை விலக்கும் எட்டாவது கட்டளையை விளக்கும் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 2477ஆம் பத்தியில், போதிய ஆதாரமின்றி அயலவரின் குற்றத்தை உள்ளத்தளவில் உண்மையென ஏற்பதையும் தவறென்றே போதிக்கின்றது. அவ்வாறாயின், வந்த செய்தியை முழுமையாக வாசிக்காமலே பிறருக்கு அனுப்புவதைப் பற்றி என்ன சொல்வது? கவனமாக வாசிப்பது அயலவருக்கு நாம் செலுத்த வேண்டிய அன்புக் கடன் அன்றோ?

இக்கவனத்தைப் பயிற்றுவிக்கும் வழியொன்று திருச்சபையின் மரபில் உண்டு. ஆசீர்வாதப்பர் என நம் முன்னோர் அழைத்த புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு ஓர் ஒழுங்கை எழுதிவைத்தார். அதன் 48ஆம் அதிகாரம், தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் வழங்கப்பட வேண்டும் என்கின்றது. அவர் அதனைத் தொடக்கம் முதல் இறுதிவரை முறையாக வாசித்து முடிக்க வேண்டும். வாசிப்பு நேரத்தில் மூத்தோர் ஓரிருவர் மடத்தைச் சுற்றிவந்து, எவரேனும் வீண்பேச்சில் பொழுதைக் கழித்துப் பிறரையும் குழப்புகின்றாரா எனப் பார்ப்பர். கைத்தொலைபேசி இல்லாத அக்காலத்திலும் கவனச்சிதறல் இருந்தது. அதற்கு அப்புனிதர் கண்ட மருந்துகளுள் ஒன்று, கடைசிப் பக்கம் உள்ள ஒரு நூல்.

நூலின் அருமையை நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 ஜூன் 1ஆம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அத்தீயைக் கண்ணுற்ற பன்மொழிப் புலவர் வண. தாவீது அடிகளார் அதிர்ச்சி தாங்காது உயிர்நீத்தார். எரிந்த நூல்களுக்காக இன்றும் நெஞ்சம் வெதும்பும் நாம், நம் வீட்டு அலுமாரியில் திறக்கப்படாமல் இருக்கும் திருவிவிலியத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கின்றோமா?

பெற்றோரே, பிள்ளைகளைக் கண்டிப்பதால் மட்டும் இப்பழக்கம் வந்துவிடாது. அவர்கள் நம் கைகளையே பார்க்கின்றார்கள். 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி பாப்பரசர் 14ஆம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸ், கணினியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளை இணையத்தளத்தில் தொகுத்தவர். ஆயினும் வீடியோ விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் மாத்திரமே எனத் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். 15 வயதில் இறந்த ஓர் இளைஞரால் இயன்றது நம்மால் இயலாதா?

வருகின்ற திருநீற்றுப் புதனன்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு நூலைத் தெரிந்தெடுங்கள். நற்செய்திகளுள் ஒன்றாகவோ, புனிதர் ஒருவரின் வரலாறாகவோ, நல்லதொரு நாவலாகவோ அது இருக்கலாம். இலக்கிய வாசிப்பு மனிதரைப் பக்குவப்படுத்தும் என்பதைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டில் ஒரு மடல் எழுதியே வலியுறுத்தினார். மாலையில் செபமாலை முடிந்தபின் கைத்தொலைபேசிகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் சேர்ந்திருந்து வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத சிறுவருக்கும் கண்பார்வை குன்றிய பாட்டிக்கும் ஒருவர் உரக்க வாசித்துக் காட்டட்டும். விளங்காத இடத்தில் நின்று, ஒருவரையொருவர் கேளுங்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் கடைசிப் பக்கத்தை எட்டிவிடுங்கள்.

இடையர்கள் கூறியவற்றை அன்னை மரியா தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்ததாகப் புனித லூக்கா எழுதுகின்றார். கேட்டதையும் வாசித்ததையும் அவ்வாறு உள்ளத்தில் தங்கவைக்கும் வரத்தை அன்னையின் பரிந்துரையால் ஆண்டவர் நம் குடும்பங்களுக்கு அருள்வாராக.