இரண்டு நாற்காலிக்கு மசியாதவர்கள்

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரை முறைப்படி அறிவிப்பது கட்சியின் தேசிய மாநாடு. மாநிலவாரியாக வரும் பேராளர்கள் அங்கே வாக்களிப்பார்கள். 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி கூடியபோது வேட்பாளர் யார் என்பதில் போட்டியே இல்லை. பதவியில் இருந்த லிண்டன் ஜான்சன்தான். மிசிசிப்பி மாநிலத்துக்கான நாற்காலிகளில் யார் உட்காருவது என்பதில்தான் போராட்டம் வெடித்தது.

அன்றைய மிசிசிப்பியில் பத்தில் நான்கு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். ஆனால், வாக்களிக்கும் வயதை எட்டிய கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பதிவு செய்யப் போனால் அரசியல் சட்டப் பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்வார்கள். துணிந்து போனவருக்கு வேலை போகும், வீடு போகும், சில நேரம் உயிரும் போகும். இத்தனையும் செய்துவிட்டு, ‘அவர்களுக்கு ஓட்டுப் போட ஆர்வமில்லை’ என்றார்கள் ஆட்சியாளர்கள்.

அதற்குப் பதிலடியாக 1963 நவம்பரில் குடிமை உரிமை இயக்கத்தினர் ஒரு மாதிரித் தேர்தலையே நடத்திக் காட்டினார்கள். சட்டப்படி செல்லாத அந்தத் தேர்தலில் சுமார் 80,000 பேர் வாக்களித்தார்கள். அந்தத் தெம்பில் 1964 ஏப்ரலில் பிறந்ததுதான் மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி. எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்துவைத்து, வட்டாரக் கூட்டங்களில் தொடங்கி மாநில மாநாடு வரை படிப்படியாக 68 பேராளர்களைத் தேர்ந்தெடுத்தது. வெள்ளையர் மட்டுமே நிறைந்த அதிகாரபூர்வ அணியை எதிர்த்து, “நாங்களே உண்மையான பிரதிநிதிகள்” என்று தேசிய மாநாட்டின் வாசலுக்கு வந்தது.

நாடு கேட்ட குரல்

ஆகஸ்ட் 22 அன்று பேராளர் தகுதியை ஆராயும் குழுவின் முன் ஃபேனி லூ ஹேமர் பேசினார். குத்தகைக் கூலிக் குடும்பத்தில் 20 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். 1962-ல் வாக்காளராகப் பதிவு செய்யச் சென்ற குற்றத்துக்காக, 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டார். மறு ஆண்டு வினோனா சிறையில் அவர் அடித்து நொறுக்கப்பட்டார். இதையெல்லாம் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைச் சந்தித்து, நேரலையைத் தன் பக்கம் திருப்பினார். பலனில்லை. அன்றிரவே ஹேமரின் சாட்சியம் நாடெங்கும் ஒளிபரப்பானது.

தென்மாநில வெள்ளையரின் ஆதரவை இழக்க ஜான்சனுக்கு மனமில்லை. துணை அதிபர் வேட்பாளராகும் வாய்ப்பில் இருந்த ஹூபர்ட் ஹம்ஃப்ரி சமரசம் பேச அனுப்பப்பட்டார். விடுதலைக் கட்சிக்கு இரண்டு இடங்கள். மற்றவர்கள் விருந்தினராக இருக்கலாம். அந்த இருவர் யார் என்பதையும் மேலிடமே முடிவு செய்திருந்தது. இனி வரும் மாநாடுகளில் இனப்பாகுபாடு காட்டும் அணிகளுக்கு இடமில்லை என்ற உறுதியும் தரப்பட்டது.

கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பெரிய தலைவர்கள் பலர் அறிவுரை சொன்னார்கள். பேராளர்கள் கூடிப் பேசி மறுத்தார்கள். அவர்கள் செய்தது சரி. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகத்தான் அவர்கள் அடிபட்டார்கள். அந்த உரிமையை விட்டுக்கொடுத்து வாங்கும் இரண்டு இடங்கள் வெறும் சலுகை.

தோற்றவர்கள் மாற்றிய விதி

அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் ஜான்சன் பெருவெற்றி பெற்றார். மிசிசிப்பியில் மட்டும் 87 சதவீத வாக்குகள் எதிர்க்கட்சியின் பேரி கோல்ட்வாட்டருக்குப் போயின. யாரைத் தக்கவைக்க ஏழைகளைக் கைவிட்டார்களோ, அவர்களே கட்சியைக் கைகழுவினார்கள். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968 சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் பழைய அணி நிராகரிக்கப்பட்டு, இரு இனத்தவரும் கலந்த அணி அமர்ந்தது. அதில் ஹேமரும் இருந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மாநாடு என்றதும் நம் கண்கள் மேடையில் நிற்கும் தலைவரைத்தான் தேடுகின்றன. கீழே உட்கார்ந்திருப்பவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு கட்சி தனக்குள் ஜனநாயகத்தை வைத்திருக்கிறதா என்பதற்கு விடை அங்கேதான் கிடைக்கும்.